இடுப்பளவுத் தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பருவநிலை மாற்றம் என்று ஒரு சங்கதி இருப்பதே சென்னையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும். அந்த ஆட்களும் பெரும்பாலும் தி. நகர்ப் பக்கம் ஏதாவது ஒரு பெரிய ஓட்டலின் குளிரூட்டிய அறையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பூமி சூடாகிக்கொண்டிருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் அதில் ஒருத்தி. சால்வை என் சொந்தம். கவலைப்படுவதற்கு ஒரு சர்வதேச அமைப்பு தினப்படி கொடுத்தது.

நான் பிறந்து வளர்ந்த மயிலாப்பூர்த் தெருவில் என் உத்தியோகத்தைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டில் போய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவள் ஏதாவது பாங்கில் பெரிய நாற்காலியில் உட்காருவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நானோ அடையாறில் மரத்தடியில் இருந்த ஒரு பழைய பங்களாவில், ஆராய்ச்சி நிறுவனம் என்று பலகை மாட்டியிருந்த இடத்தில், கடல் மட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "வானிலை ஆபீஸ்ல இருக்காளாம்" என்று அத்தை ஒருத்தி முடிவுகட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அதே கேள்விதான். "ஏண்டி, நாளைக்கு வடாம் போடலாமா, மழை வருமா?"

"எனக்கு நாளைக்கு மழையெல்லாம் தெரியாது அத்தை. இன்னும் அறுபது வருஷம் கழிச்சு என்ன ஆகும்னுதான் பார்க்கறோம்."

"அறுபது வருஷம் கழிச்சு யாருடி வடாம் போடப்போறா?" என்றாள் அத்தை. எங்கள் துறையின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கச்சிதமானதை நான் பிறகு ஜெனீவாவிலும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரை ஓரமாக ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்தோம். நானும் என் கணவரும், ஓய்வுபெற்ற என்ஜினியரான என் மாமனாரும். கணவர் பாதி மாதம் பம்பாயில் இருப்பார். மாமனார் முழு மாதமும் வீட்டில் இருப்பார், குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருப்பார். எங்கள் பின்பக்கச் சுவரைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் ஆற்றின் கரையில் குடிசைகள். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி வீடு பெருக்கியவள் அங்கிருந்துதான் வந்தாள். என் வயதுதான் அவளுக்கும். எங்கள் கட்டடத்திலேயே நான்கு வீடுகளில் வேலை செய்தாள். அவள் பெண் பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் வகுப்பில் முதல் மார்க். அதை அந்த அம்மாள் எங்கள் நான்கு வீடுகளிலும் மாதம் ஒருமுறை அறிவிப்பாள், பரீட்சை நடந்திருந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி.

அந்தச் சமயத்தில் உலகம் முழுவதும் 'பங்கேற்பு' என்கிற காய்ச்சல் பரவியிருந்தது. அதுவரை எங்களைப் போன்ற நிபுணர்கள் ஏழைகளைக் கேட்காமலேயே ஏழைகளுக்கு என்ன தேவை என்று எழுதி வந்தோம். இனிமேல் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எப்படிக் கேட்பது என்பதற்கும் முறை வைத்திருந்தார்கள். மக்கள் தரையில் உட்கார்ந்து தங்கள் ஊரைத் தாங்களே வரைய வேண்டும். நிபுணர்கள் சுற்றி நின்று, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, பணிவாகப் பார்க்க வேண்டும். எதில் வரைவது? வெளிநாட்டிலிருந்து வந்த ஆலோசகர், ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், நம் பெண்கள் வாசலில் கோலம் போடுவதைக் காரில் போகும்போது பார்த்துவிட்டார். அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கோலப்பொடியில் வெள்ள வரைபடம்! எங்கள் இயக்குநர் உடனே என்னை மயிலாப்பூர்க் குளத்தங்கரைக் கடைக்கு அனுப்பி, நான்கு நிறத்தில் பொடி வாங்கிவரச் சொன்னார். வெள்ளை வீடுகளுக்கு, பச்சை மரங்களுக்கு, சிவப்பு கடைகளுக்கு, நீலம் தண்ணீருக்கு. என் டாக்டர் பட்டத்துக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பணி அது.

வரைபடம் போடுவதற்கு முந்தின நாள் காலையில் அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாக்கா, நாளைக்கு உங்க ஆபீஸ்காரங்க எங்க எடத்துக்கு வராங்களாமே. மழைக்கு தண்ணி எவ்ளோ வந்துச்சுன்னு கேப்பாங்களாம். இன்னான்னு சொல்றது?"

"வந்ததைச் சொல்லு. போன மழைக்கு எவ்வளவு வந்தது?"

"கணுக்கால் நனைஞ்சுது. ஆத்தோரமா கீற நாலு வூட்ல முட்டி வரிக்கும் வந்துச்சு. அவ்ளோதான்." கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா வந்தத சொன்னா ஒன்னியும் குடுக்க மாட்டாங்களேக்கா. கணுக்காலுக்கு வெறும் கையி. முட்டின்னா அரிசி. இடுப்புன்னா அரிசி, சீல, பாயி, மண்ணெண்ண. எப்ப கவர்மெண்ட்லேர்ந்து எழுதிக்க வந்தாலும் நாங்க இடுப்புன்னுதான் சொல்லுவோம். வர்றவருக்கும் தெரியும். அவரும் இடுப்புன்னுதான் எழுதுவாரு."

எந்த விலைப்பட்டியலுக்கு மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நான் கடல் கடந்து போய் ஐந்து வருடம் படித்தேன். அவள் ஒரு வாணலியைத் தேய்த்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். நான் அவளுக்கு அப்போது உண்மையின் அருமையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இது நிவாரணக் கணக்கு இல்லை, வேறு விஷயம், வேறு ஆட்கள் என்று விளக்கியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"இடுப்புன்னே சொல்லு" என்றேன். "அதிகமா வந்தாத்தான் அதிகமா செய்வா. ஆத்தங்கரையில தடுப்புச் சுவர் கட்டச் சொல்லி நாங்க எழுதுவோம்."

"பொய் சொன்னா பின்னாடி ஏதாச்சும் வந்துடாதேக்கா?"

"என்ன வரும்? சுவர் வரும்."

அவள்மேல் எனக்கு இருந்த பிரியத்தால் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிரியமும் இருந்தது. ஆனால் கணுக்கால் நனைந்ததைப் பற்றி எழுதிய அறிக்கையை எந்த நாட்டில் எவன் படிப்பான் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. இடுப்பளவு என்றால் அச்சில் ஏறும்.

மறுநாள் குடிசைகளுக்கு நடுவே இருந்த அம்மன் கோயில் முன்னால் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு வரைந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். வீடுகளை வெள்ளைச் சதுரங்களாக, கை எடுக்காமல் ஒரே இழுப்பில், அளவெடுத்த மாதிரி போட்டார்கள். குழாய், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. கடைசியில் நீலப்பொடி. அவள்தான் கிண்ணத்தை எடுத்தாள். ஆற்றை வரைந்தாள், கரையோர நான்கு வீடுகள் வரை வந்தாள். அங்கே நிறுத்தி என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையில் நோட்டுடன் ஆலோசகருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். லேசாகத் தலையை அசைத்தேன். அவ்வளவுதான், நீலம் புறப்பட்டது. வீடுகளை மூடியது, குழாயை மூடியது, ரேஷன் கடையில் ஏறிப் பள்ளிக்கூடத்து வாசலைத் தொட்டது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி அம்மனுடைய பீடம்வரைக்கும் தண்ணீர் விட்டாள். பொடி தீர்ந்துவிட்டது. ஆலோசகர் நாற்காலிமேல் ஏறி நின்று புகைப்படம் எடுத்துத் தள்ளினார். "ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "இடுப்பு" என்றார்கள், பள்ளிக்கூடத்தில் ஜனகணமன பாடுகிற மாதிரி.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வசதியானவர்கள் வீடுகளிலும் கேட்க வேண்டும் என்பது விதி. ஆகவே அடுத்த வாரம் எங்கள் கட்டடத்துக்கே இரண்டு கல்லூரி மாணவிகள் படிவத்தோடு வந்தார்கள். போன மழையில் எங்கள் வீட்டுக்குள் நிஜமாகவே முழங்கால் அளவு தண்ணீர் வந்திருந்தது. ஆறு அல்ல, தெருச்சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் மொட்டைமாடியில் குடித்தனம். அதை எந்த மாணவியும் கண்ணால் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். குளிர்சாதனப்பெட்டி நான்கு செங்கல்மேல் நின்றது, பீரோவின் அடிப்பாகத்தில் துரு ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தது.

மாமனார் சங்கத் தலைவருக்குரிய கம்பீரத்தோடு பதில் சொன்னார். "ஜலமா? எங்காத்துலயா? இந்தக் கட்டடம் கட்டினதுலேர்ந்து ஒரு சொட்டு ஜலம் உள்ளே வந்ததில்லை. எழுதிக்கோங்கோ."

"இந்தச் செங்கல் எதுக்கு சார்?"

"அதுவா? ஷாக் அடிக்காம இருக்கறதுக்கு."

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போனதும், "ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டேன். "மாடியில ரெண்டு ஃபிளாட் விலைக்கு நிக்கறது. தண்ணி வரும்னு எழுதினா எவன் வாங்குவான்? நீ எகனாமிஸ்ட், உனக்குத் தெரியாதா?" என்றார். தெரிந்தது. அதனால்தான் அந்தப் படிவத்தை நான் திருத்தவில்லை.

ஆக, கணுக்கால் நனைந்த இடம் வரைபடத்தில் முழு நீலமாகவும், முழங்கால் முழுகிய எங்கள் கட்டடம் பளிச்சென்று வெள்ளையாகவும் அச்சாகி வந்தது. வழவழப்பான காகிதம். அட்டையில் கோலம், கோலத்தின்மேல் அவள் கை. முகம் தெரியாது, வளையல் மட்டும் தெரியும். அறிக்கையின் சிபாரிசுகளில் தடுப்புச் சுவர் முதலாவதாக இருந்தது. மாற்று இடத்தில் குடியமர்த்துவதையும் பரிசீலிக்கலாம் என்று ஏழாவதாக ஒரு வரி. அதை ஆலோசகர் சேர்த்தார். ஏழாவது சிபாரிசை யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் விட்டுவிட்டேன். ஓட்டலில் வெளியீட்டு விழா நடந்தது. சணல் பையில் அறிக்கையைப் போட்டு, கூடவே ஒரு பேனாவும் வைத்துக் கொடுத்தார்கள். சமோசா நன்றாக இருந்தது.

ஏழாவது சிபாரிசை ஒருவர் படித்தார். படிக்க வேண்டிய துறையில், படிக்க வேண்டிய நாற்காலியில் இருந்தவர். சுவர் கட்டுவதைவிட லாரி வைப்பது சுலபம் அல்லவா. பொங்கல் கழிந்து, பிப்ரவரி முதல் வாரத்தில் குடிசைப் பகுதியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தாம்பரம் தாண்டி இடம் தரப்படும், மாதக் கடைசிக்குள் காலிசெய்ய வேண்டும்.

அன்றைக்கு அவள் வேலையைத் தொடவில்லை. நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்து சமையலறை மேடைமேல் வைத்தாள்.

"நாங்க போவ மாட்டோம்னு சொல்லலக்கா. எப்பனாச்சும் ஒருநாள் தூக்குவாங்கன்னு தெரியும். அடுத்த மாசம் பொண்ணுக்குப் பரீச்ச கீது. அது முடியற வரிக்கும் தள்ளிப் போடச் சொல்லு. போதும். உங்க ஆபீஸ் படத்த காட்டித்தான் எழுதிக் கீறாங்களாம். நீ சொன்னா கேப்பாங்க."

அவள் கேட்டது ஒன்றரை மாதம். அதைக் கேட்கத்தான் நான் மறுநாள் அந்த அதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவரில்லை, அதுதான் கஷ்டம். காபி வரவழைத்தார். எங்கள் அறிக்கை அவர் மேஜைமேல் இருந்தது, ஓரமெல்லாம் மடிந்து. யாரோ ஒருவர் எங்கள் அறிக்கையை முழுசாகப் படித்திருப்பதை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

"மக்களே சொல்லியிருக்காங்க மேடம், இடுப்பளவுன்னு. அடுத்த மழையில ஒரு குழந்தை போச்சுன்னா, தெரிஞ்சும் ஏன் விட்டேன்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"அது கொஞ்சம் கூடுதலா சொல்லியிருக்கலாம் சார்."

"அப்ப ரொம்ப சிம்பிள். அந்தப் படம் தப்புன்னு ஒரே வரி எழுதிக் குடுங்க. இன்னிக்கே நிறுத்தி வெக்கறேன்." ஒரு வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் கொடுத்தார். எங்கள் சணல் பையில் வந்த பேனாதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு ஜெனீவாவில் ஒரு பதவிக்கு என்னைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மக்களின் அறிவை இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்தவர் என்று ஆலோசகர் எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்திருந்தார். படம் தப்பு என்று எழுதினால், ஏன் தப்பு என்று கேட்பார்கள். நான்தான் பொய் சொல்லச் சொன்னேன் என்று எழுத வேண்டும்.

"நிறுவனத்துல கலந்து பேசிட்டு எழுதறேன் சார்" என்றேன்.

அன்று மாலை ஆலோசகருக்குப் போன் போட்டு, அளவுகளைக் கொஞ்சம் திருத்தலாமா என்று பூடகமாகக் கேட்டேன். மனிதர் அதிர்ந்துபோனார். மக்கள் தங்கள் கையால் வரைந்த படத்தில் நிபுணர்கள் கைவைக்கலாமா, இத்தனை நாள் நாம் பேசியதெல்லாம் என்ன என்றார். போனை வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து அதிகாரிக்கு எழுதினேன். ஒரு வரி கேட்டவருக்கு நான்கு பக்கம். தரவுகளின் வரம்புகள், பல்வேறு கோணங்கள், மேலும் ஆய்வுகளின் அவசியம். படம் தப்பு என்றும் அதில் இல்லை, சரி என்றும் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே திறமையான எழுத்து அதுதான். யாராலும் அதை வைத்து என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. அதை வைத்து எதையும் நிறுத்தவும் முடியாது. அதிகாரி அதைக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

"சொல்லிட்டியாக்கா?" என்று அவள் கேட்டபோது, "எழுதிக் குடுத்திருக்கேன்" என்றேன்.

லாரிகள் சொன்ன தேதிக்கு வந்தன. அரசாங்கத்தில் வேறு எதுவும் சொன்ன தேதிக்கு வந்து நான் பார்த்ததில்லை. பெண்ணை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போ, பரீட்சை முடியும்வரை இங்கே இருந்து படிக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றாமல் இல்லை. மாமனார் என்ன சொல்வார், எப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வார் என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டேன், பரீட்சை தொடங்கிவிட்டது. அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி வந்து எழுதினாள். கணக்குப் பரீட்சையன்று முதல் பஸ் வரவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அக்டோபரில் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னோம். அக்டோபர் வருவதற்குள் அவள் கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போய்விட்டாள். எனக்கு அதற்குள் ஜெனீவாவில் வேலை கிடைத்துவிட்டது.

இரண்டு வருடம் அங்கே இருந்தேன். கோலம் போட்ட அட்டைப்படத்தைப் பெரிதாக்கி ஒரு நடைவழியில் மாட்டியிருந்தார்கள். தினமும் அந்த வளையலைத் தாண்டித்தான் காபிக்குப் போவேன். வேறு வழியாகச் சுற்றிப் போகலாம்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்படித்தான் போனேன்.

இரண்டாவது வருடம் விடுமுறைக்கு ஊர் வந்த நவம்பரில் நல்ல மழை. வழக்கம்போல எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, வடிந்து, சேற்றை விட்டுவிட்டுப் போனது. அவள் மற்ற மூன்று வீடுகளை விட்டுவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு மட்டும் வாரம் இருமுறை வந்துகொண்டிருந்தாள் என்று மாமனார் சொல்லியிருந்தார். மழை நின்ற மூன்றாம் நாள் வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், "எப்பக்கா வந்தே?" என்றாள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள். உள்ளே மாமனார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லையில்லை, எங்க கட்டடத்துல ஒரு சொட்டு வரலை. வேணும்னா வந்து பாருங்கோ. அடுத்த வாரம் வாங்கோ."

"உங்க இடத்துல எப்படி? அங்கேயும் மழையா?" என்று கேட்டேன்.

"அது ஏரிக்கா. மண்ணப் போட்டு தூத்துட்டு வூடு கட்டிக் குடுத்துக் கீறாங்க. தண்ணிக்கு அது தெரியுமா? வந்துடுச்சு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளங்கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். "இங்க வரிக்கும். ரெண்டு நாளு பொண்ணும் நானும் அடுப்பு மேடையில குந்திக்கினு இருந்தோம்."

"யாராவது வந்து பார்த்தாங்களா? கேட்டாங்களா?"

"யாரு வருவாங்க, அவ்ளோ தூரம்?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நீதான் கேட்டுட்டியே. எழுதிக்கோக்கா. இந்தத் தபா பொய்யில்ல."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வீட்டுச் சேற்றை வாசலில் கொட்டினாள்.